விலை ஏறாத வீடு பிறந்த கதை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடருக்குள், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,400 மீட்டர் மேலே இருக்கிறது ஆஸ்பென். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சுமார் ஏழாயிரம் பேர்தான். பனி விழத் தொடங்கியதும் உலகத்துப் பணக்காரர்கள் சறுக்கு விளையாட்டுக்காக வந்து இறங்குகிறார்கள். அங்கே ஒரு தனி வீட்டின் சராசரி விலை இன்று ஒரு கோடி டாலருக்கும் மேல். அதே ஊரில் பள்ளி ஆசிரியரும் பேருந்து ஓட்டுநரும் செவிலியரும் ஓட்டல் சமையல்காரரும் சொந்த வீட்டில் வாழ்கிறார்கள். அவர்களுடைய வீட்டின் விலை ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறவே ஏறாது. ஏறக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. இப்படிக் கட்டுப்பட்ட வீடுகள், வாடகைக்கும் சொந்தத்துக்குமாக, ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் சேர்ந்து மூவாயிரம் அளவுக்கு இருக்கின்றன. இந்த ஏற்பாட்டை எந்தப் பொருளாதார மேதையும் அறையில் உட்கார்ந்து வடிவமைக்கவில்லை. ஐம்பது ஆண்டு காலம் ஊரே சண்டை போட்டு, ஓட்டுப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது.

யூட் பழங்குடியினர் கோடைதோறும் வேட்டைக்கு வந்த பள்ளத்தாக்கு அது. 1879இல் வெள்ளி தேடி வந்தவர்கள் அங்கே கூடாரம் அடித்தார்கள். பத்து ஆண்டுக்குள் ரயில் வந்தது, மின்விளக்கு வந்தது. ஜெரோம் வீலர் என்ற முதலாளி 1889இல் ஒரு பெரிய ஓட்டலையும் நாடக அரங்கையும் கட்டினார். இரண்டும் இன்றும் நிற்கின்றன. மக்கள் தொகை பன்னிரண்டாயிரத்தை எட்டிய நேரத்தில், 1893இல், அரசாங்கம் வெள்ளி வாங்க வகைசெய்த சட்டத்தை அமெரிக்கா நீக்கியது. வெள்ளி விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடின, ஆட்கள் கிளம்பினார்கள். 1930களில் மிஞ்சியவர்கள் எழுநூறு பேர் போல. சுரங்கத் தொழிலாளிகள் கட்டிய சின்னச் சின்ன மரவீடுகள் பூட்டிக் கிடந்தன. வரி பாக்கியைக் கட்டினால் வீடு கைக்கு வந்துவிடும் என்ற காலம் அது. அதே மரவீடுகள்தாம் இன்று பல மில்லியன் டாலருக்குக் கைமாறுகின்றன.

ஊரை எழுப்பியது பனி. இரண்டாம் உலகப் போரின்போது மலைப்போருக்கான அமெரிக்கப் படைப்பிரிவு, பத்தாவது மலைப்படை, பக்கத்துக் கேம்ப் ஹேலில் பயிற்சி பெற்றது. அதில் ஃப்ரீடல் ஃபைஃபர் என்ற ஆஸ்திரிய சறுக்கு வீரர் இருந்தார். ஆஸ்பென் மலையைப் பார்த்ததுமே இங்கே ஒரு சறுக்குத்தலம் வரவேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இத்தாலியப் போர்முனையில் படுகாயம் அடைந்து, பிழைத்து, திரும்பி வந்தார். அவரிடம் கனவு இருந்தது, பணம் இல்லை. 1945இல் சிகாகோவிலிருந்து அட்டைப்பெட்டித் தொழிலதிபர் வால்டர் பெப்கேயும் அவர் மனைவி எலிசபெத்தும் வந்தார்கள். பெப்கே வீடுகளையும் மனைகளையும் வாங்கினார், சறுக்கு நிறுவனம் தொடங்க முதலீடு திரட்டினார். 1947 ஜனவரியில் மலையுச்சிக்கு நாற்காலி இழுவை முறைப்படி திறக்கப்பட்டது. அன்றைக்கு உலகத்திலேயே நீளமானது அதுதான்.

பெப்கேயைப் பற்றி ஆஸ்பெனில் இன்றும் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. வீட்டுக்கு வெள்ளையடிக்க, வண்ணம் பூச இலவசமாகப் பெயின்ட் தருகிறேன் என்று ஊராருக்குச் சொன்னார். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பௌஹௌஸ் கலைப்பள்ளியில் உருவான கலைஞர் ஹெர்பர்ட் பாயரிடம் இருந்தது. பலர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். பாழடைந்த ஊரில் வறுமையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தவர்களுக்கு, என் வீட்டின் நிறத்தை நான்தான் முடிவு செய்வேன் என்ற பிடிவாதம் மட்டும் விட்டுப்போகவில்லை. பின்னால் வரப்போகும் கதைக்கு இந்தப் பிடிவாதம் முக்கியம்.

முதல் இருபது ஆண்டுகள் இனிமையாகவே கழிந்தன. சறுக்கு கற்றுத்தர வந்த இளைஞர் சில ஆண்டு சேமிப்பில் ஒரு பழைய மரவீட்டை வாங்கித் தானே பழுதுபார்த்துக் குடியேற முடிந்தது. 1958இல் ஹைலண்ட்ஸ், பட்டர்மில்க் என இரண்டு புதிய மலைகள் திறந்தன. 1967இல் ஸ்னோமாஸ் திறந்தது. இதற்கு நடுவே 1963இல் கொலராடோ ஒரு சட்டம் இயற்றியது. அடுக்குமாடியில் ஒரு தளத்தின் ஒரு பகுதியைத் தனிச் சொத்தாக விற்கலாம், பத்திரம் பதியலாம் என்றது அந்தச் சட்டம். நமக்கு இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்த ஏற்பாடுதான் மலையூர்களின் தலையெழுத்தை மாற்றியது. அதுவரை வெளியூர்க்காரர் ஒருவர் மலையில் வீடு வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மனை வாங்கிக் கட்டி, ஆண்டு முழுவதும் பராமரிக்க வேண்டும். இனிமேல் சிகாகோவிலோ டாலஸிலோ இருந்துகொண்டு ஒரு ஃபிளாட்டை வாங்கிப் போடலாம். ஆண்டுக்கு இரண்டு வாரம் வந்து தங்கலாம், மற்ற நாளில் வாடகைக்கு விடலாம். வீடு குடியிருக்கும் இடமாக இருந்தது போய் முதலீடாக மாறியது அங்கேதான். ஊரில் சம்பளம் வாங்குகிறவரும் வெளியில் சம்பாதித்தவரும் ஒரே வீட்டுக்குப் போட்டி போட்டால் யார் ஜெயிப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1960களின் கடைசியில் ஊர் கொதித்தது. 1969இல் ஜோ எட்வர்ட்ஸ் என்ற இளம் வழக்கறிஞர் மேயர் பதவிக்கு நின்று மயிரிழையில் தோற்றார். அடுத்த ஆண்டு எழுத்தாளர் ஹன்டர் தாம்சன் ஷெரீஃப் எனப்படும் காவல் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். நிலத்தை விற்றுச் சூறையாடுகிறவர்கள் ஊரின் பெயரை வைத்துப் பிழைக்க முடியாதபடி, ஆஸ்பென் என்ற பெயரையே மாற்றிவிட வேண்டும் என்பது அவருடைய வாக்குறுதிகளில் ஒன்று. அவரும் தோற்றார். ஆனால் 1972 நவம்பரில் எட்வர்ட்ஸும் ட்வைட் ஷெல்மனும், ஆஸ்பென் அடங்கிய மாவட்டமான பிட்கின் கவுன்டியின் ஆணையர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அதே நாளில் கொலராடோ மக்கள் இன்னொன்றையும் செய்தார்கள். 1976 குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தும் வாய்ப்பு மாநிலத் தலைநகர் டென்வருக்குத் தரப்பட்டிருந்தது. அதற்கு அரசுப் பணம் தரமாட்டோம் என்று மக்கள் வாக்களித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் கிடைத்த ஒலிம்பிக்கை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு, வளர்ச்சி என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அந்த மக்கள் களைத்திருந்தார்கள்.

புதிய ஆணையர்கள் கிராமப்புற நிலத்தில் எத்தனை வீடு கட்டலாம் என்பதைக் கடுமையாகக் குறைத்தார்கள். பிறகு ஆண்டுக்கு இத்தனை கட்டடத்துக்குத்தான் அனுமதி என்ற ஒதுக்கீடு வந்தது. மலைச்சரிவு பிழைத்தது, பள்ளத்தாக்கு நகரமாகி விரியாமல் நின்றது. அதற்கு விலையும் இருந்தது. வாங்க வருகிறவர்கள் குறையவில்லை, கட்டுவது மட்டும் குறைந்தது. விலை பறந்தது. இந்தக் கட்டுப்பாடு அத்தோடு நின்றிருந்தால், ஏற்கெனவே வீடு வைத்திருந்தவர்கள் பின்னால் வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் குற்றச்சாட்டு அன்றும் எழுந்தது, நியாயமான குற்றச்சாட்டுதான். அதிலிருந்து ஆஸ்பெனைக் காப்பாற்றியது அவர்கள் எடுத்த அடுத்த அடி. 1970களின் நடுவிலேயே உழைப்பவர்களுக்கென்று தனி வீடுகள் என்ற பேச்சைத் தொடங்கினார்கள். கட்டட அனுமதிக்காகப் போட்டி போடும் நிறுவனங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். ஊழியர் வீடு கட்டித் தந்தால் மதிப்பெண் கூடும். 1980களின் தொடக்கத்தில் நகரமும் கவுன்டியும் சேர்ந்து ஒரு வீட்டுவசதி ஆணையத்தை அமைத்தன.

அந்த ஆணையம் விற்கும் வீட்டின் பத்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். வாங்குகிறவர் அந்தக் கவுன்டியில் ஆண்டுக்கு 1,500 மணி நேரமாவது வேலை பார்க்க வேண்டும். ஆண்டில் ஒன்பது மாதமாவது அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் அவருக்கு வேறு வீடு சொந்தமாக இருக்கக்கூடாது. வருமானத்துக்குத் தக்கபடி வீடுகள் வகை பிரிக்கப்பட்டிருக்கின்றன. விற்கும்போது, வாங்கிய விலைக்கு மேல் ஆண்டுக்கு 3 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இரண்டில் எது குறைவோ அதுதான் கூடும். ஆணையம் ஒப்புக்கொண்ட மராமத்துச் செலவையும் ஓர் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ளலாம். யாருக்கு விற்பது என்பதும் உரிமையாளர் கையில் இல்லை. வீடு ஆணையம் வழியாகத்தான் விற்பனைக்கு வரும், தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிப்பார்கள், குலுக்கலில் ஒருவர் பெயர் விழும். நெடுங்காலம் அங்கேயே வேலை பார்த்தவர்களுக்குக் குலுக்கலில் வாய்ப்பு அதிகம். நிபந்தனை ஆளோடு போய்விடுவதில்லை. எத்தனை கை மாறினாலும் பத்திரத்தோடு பத்திரமாக வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 1,00,000 டாலருக்கு வாங்கி இருபது ஆண்டு வாழ்ந்து, ஒவ்வோர் ஆண்டும் முழு 3 சதவீதமும் கிடைத்து விற்றால் கையில் வருவது சுமார் 1,80,000 டாலர். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டுப்பாடு இல்லாத வீடு அதே காலத்தில் பல மடங்கு ஏறியிருக்கும். அந்த லாபம் இவருக்குக் கிடையாது. அதற்குப் பதிலாக இருபது ஆண்டும் வேலைக்கு நடந்தே போயிருப்பார், குழந்தைகள் ஊர்ப் பள்ளியில் படித்திருப்பார்கள். அடுத்து வருகிற ஆசிரியருக்கும் அதே வீடு எட்டும் விலையில் கிடைக்கும். முதல் ஆசாமிக்குக் கிடைத்த சலுகை அவரோடு தீர்ந்துபோகாமல் இருப்பதற்குத்தான் இத்தனை நிபந்தனையும். மலிவாக வீடு கொடுத்து நிபந்தனை வைக்காத இடங்களில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். ஒதுக்கீட்டு மனை சந்தை மனையாக மாற ஒரு தலைமுறைகூட ஆவதில்லை.

இவ்வளவு பாடுபட்டு உழைப்பாளிகளை ஊருக்குள்ளேயே ஏன் வைத்திருக்க வேண்டும், பேருந்தில் வரட்டுமே என்று கேட்கலாம். ஆஸ்பெனுக்குக் குளிர்காலத்தில் ஒரே சாலைதான். கிழக்கே இருக்கும் இண்டிபெண்டன்ஸ் கணவாய் பனிக்காலம் முழுக்க மூடிக் கிடக்கும். மேற்கே நெடுஞ்சாலை 82 மட்டும். அதன் வழியே பேசால்ட், கார்பன்டேல், அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் ஆகிய ஊர்களிலிருந்து இன்றைக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் விடிவதற்கு முன் கிளம்பி வருகிறார்கள். சாலையில் பனி மூடினால் ஊர் நின்றுபோகும். இன்னொன்றும் உண்டு. அந்த ஊரின் தீயணைப்புப் படை பெருமளவு தன்னார்வலர்களை நம்பியிருக்கிறது. மலையில் சிக்கியவர்களை மீட்பவர்களும் தன்னார்வலர்களே. நள்ளிரவில் அழைப்பு வந்தால் ஓடிவர யாராவது ஊருக்குள் படுத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று வாரம் மட்டும் விளக்கெரியும் மாளிகைகளிலிருந்து அந்த ஆட்கள் வரமாட்டார்கள்.

வீடு கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? 1979இல், வீலரின் பழைய நாடக அரங்கைப் புதுப்பிக்க, சொத்து கைமாறும்போது வாங்குகிறவர் அரை சதவீதம் வரி கட்ட வேண்டும் என்று ஊர் மக்கள் வாக்களித்தார்கள். 1989இல் தொழிலாளர் வீடுகளுக்கென்றே இன்னொரு 1 சதவீதத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். விலையில் முதல் 1,00,000 டாலருக்கு விலக்கு. ஒரு கோடி டாலர் வீடு விற்றால் 99,000 டாலர் இந்த நிதிக்கு வரும். மூன்றே ஆண்டு கழித்து, 1992இல், கொலராடோ தன் அரசமைப்பைத் திருத்தி இப்படிப்பட்ட புதிய வரிகளை மாநிலம் முழுவதும் தடைசெய்தது. ஏற்கெனவே இருந்தவை மட்டும் தப்பின. ஆஸ்பென் மூன்று ஆண்டு தயங்கியிருந்தால் அந்த வாசல் மூடியிருக்கும். பின்னால் விழித்துக்கொண்ட பல மலையூர்கள் இன்று அந்த வரியை நினைத்து ஏங்குகின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். 1980களில் கட்டிய சில குடியிருப்புகளில் நீர் கசிந்து மரச்சுவர்கள் உளுத்துப்போயின. விலை ஏறாத வீட்டுக்காரர் பெரிய மராமத்துக்கு எங்கே போவார்? விற்கும்போது திரும்பக் கிடைக்காத செலவைச் செய்ய யாருக்கும் மனம் வராது. வீட்டு உரிமையாளர் சங்கத்தில் சேமிப்பும் போதவில்லை. என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் உண்மையான ஓட்டை இதுதான். விலைக்கு வரம்பு வைத்தவர்கள் பராமரிப்புக்குக் கட்டாயச் சேமிப்பையும் முதல் நாளிலிருந்தே வைத்திருக்க வேண்டும். இன்னொரு சிக்கல் வயது. வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் அதே வீட்டில் தொடர விதி இடம் தருகிறது. பிள்ளைகள் போனபின் மூன்று படுக்கையறை வீட்டில் இரண்டு பேர் இருக்க, இளம் குடும்பம் கீழ்ப்பள்ளத்தாக்கிலிருந்து பேருந்து ஏறுகிறது. அதற்காக, நாற்பது ஆண்டு ஊருக்கு உழைத்தவரைக் கிளப்ப வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சிறிய வீட்டுக்கு மாற விரும்புகிறவர்களுக்கு வழி திறந்துவிடுவதுதான் முறை.

மற்ற மலையூர்களும் தங்கள் வழியைத் தேடின. கனடாவின் விஸ்லர் 1997இல் தன் வீட்டுவசதி ஆணையத்தைத் தொடங்கியது. 2010 ஒலிம்பிக் வீரர்கள் தங்கக் கட்டிய குடியிருப்பை ஊர்க்காரர்களுக்கான வீடுகளாக்கியது. சுவிட்சர்லாந்தில் 2012இல் நாட்டு மக்களே வாக்களித்து, ஓர் ஊரில் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். கொலராடோவின் இன்னொரு சறுக்கு ஊரான வேல் 2018 வாக்கில் வேறொரு உத்தியைக் கையாண்டது. வீடு கட்டாமல், இருக்கிற வீட்டின் உரிமையாளருக்குப் பணம் கொடுத்து, உள்ளூரில் வேலை பார்ப்பவர்தான் இதில் குடியிருக்கலாம் என்று பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறது. வேகமான வழி, மண்ணைத் தோண்டாத வழி. ஆனால் விலைக்கு உச்சவரம்பு அங்கே இல்லை. உள்ளூர்க்காரர்களுக்குள்ளேயே பணம் படைத்தவருக்குத்தான் கடைசியில் அந்த வீடு எட்டும். மூத்த ஊரான ஆஸ்பெனின் கடினமான வழியே எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்று ஆஸ்பென் விமான நிலையத்துக்கு எதிரே, பழைய மரக்கடை இருந்த மனையில், மேலும் 277 தொழிலாளர் வீடுகள் கட்ட நகரம் திட்டமிட்டிருக்கிறது. கோடிக்கணக்கான டாலர் ஆகும் வேலை. அந்தச் செலவைத் தாங்குவதில் அந்த 1 சதவீத வரிக்கும் பங்கு உண்டு.