தால் ரியாட்டா அரசும் வரலாற்றுப் புதினமும்

வரலாற்றுப் புதினம் வரலாற்றினின்றும் எத்துணை விலகலாம் என்று வினவுவோர் பலர். அது எவ்விடத்து விலகுகின்றது, எக்காரணத்தால் விலகுகின்றது என்று வினவுவதே ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்தருவதாகும். தால் ரியாட்டா என்னும் பழைய அரசினைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

அயர்லாந்தின் வடகிழக்கு மூலையும் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையாகிய ஆர்கைலும் அடங்கியது அவ்வரசு. அதன் மக்கள் கெய்லிக் மொழியினர். கி.பி. ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் அது சிறப்புற்று விளங்கியது. ஆர்கைலில் உள்ள டனாட் என்னும் குன்றக் கோட்டை அதன் தலைமை இடங்களுள் ஒன்று.

இவ்வரசினை இக்காலப் படிப்பாளரிடையே பரப்பிய நூல்களுள் குறிப்பிடத்தக்கது, ரோஸ்மேரி சட்கிளிப் 1965இல் வெளியிட்ட 'தி மார்க் ஆப் தி ஹார்ஸ் லார்ட்' என்னும் ஆங்கிலப் புதினம். வெளிவந்தபோது பெரும் பரிசு பெறாத நூலுக்கு இருபது ஆண்டுகள் கழித்து வழங்கப்பெறும் பீனிக்ஸ் விருதினை, 1985இல் முதன்முதலாகப் பெற்றது இந்நூலே. விடுதலை பெற்ற மற்போர் அடிமை ஒருவன், உருவொற்றுமையால் தால் ரியாட்டாவின் இளவரசனாக நடித்து, முடிவில் அம்மக்களுக்காகவே தன்னுயிரை ஈகின்றான். பொய்யாக ஏற்ற அரசுரிமையை உயிர்கொடுத்து மெய்யாக்கும் அவன் நிலையே கதையின் உயிர்.

இப்புதினத்தில் தால் ரியாட்டா மக்கள் குதிரை வளர்க்கும் குடியினராகத் தோன்றுகின்றனர். இது வெறுங்கற்பனையன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி வரைந்த நிலநூல், கின்டயர்ப் பகுதியில் 'எபிடியர்' என்னும் குடியினரைக் குறிக்கின்றது. அப்பெயர் குதிரையைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது என்பர் மொழிநூலார். கதை நிகழ்வது ரோமர் காலம். ஆயின் மரபுப்படி பெர்கஸ் என்னும் முதல் மன்னன் கி.பி. 500ஐ ஒட்டியே ஆர்கைல் நாட்டிற் காணப்படுகின்றான். ஆசிரியர் பிற்கால அரசின் பெயரை முற்காலக் குடியின்மேல் ஏற்றியுள்ளார் என்பது இதனாற் பெறப்படும்.

உண்மைச் சான்றுகளோ குதிரையினும் கலத்தையே முதன்மையாகக் காட்டுகின்றன. பத்தாம் நூற்றாண்டு வடிவில் நமக்குக் கிடைக்கும் 'செங்கஸ் பெர் நல்பன்' என்னும் ஆவணம், இருபது வீடுகளுக்கு ஏழு பலகைகளையுடைய கலங்கள் இரண்டு என்று படைக்கடமை வகுக்கின்றது. கி.பி. 580ஐ ஒட்டி ஆய்டான் மன்னன் ஆர்க்னித் தீவுகளின்மேற் படையெடுத்தான். கி.பி. 719இல் இவ்வரசின் இரு கிளையினர் தமக்குள்ளே கடற்போர் புரிந்தனர். இரு கரைகளையும் பிரித்த கடல், குறுகிய இடத்தில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலமே உடையது. அஃது அம்மக்களுக்கு எல்லையாக அன்றிப் பெருவழியாகவே பயன்பட்டது.

இனி, அயர்லாந்தினின்றும் மக்கள் பெயர்ந்து வந்து குடியேறினர் என்னும் கொள்கையை நோக்குவோம். கி.பி. 731இல் முடிந்த தம் நூலில் பீட் என்னும் துறவியார், ரூடா என்னும் தலைவன் அவர்களை அழைத்துவந்தான் என்றார். பின்வந்த நூலோரும் புதினத்தாரும் இதனையே பின்பற்றினர். ஆயின் 2001இல் யூவன் காம்பல் என்னும் தொல்பொருள் அறிஞர் இதனை மறுத்தார். குடியிருப்பின் அமைப்பிலும் அணிகலன்களின் வகையிலும் பெருங் குடியேற்றத்தைக் காட்டும் மாற்றம் ஆர்கைலில் இல்லை என்பது அவர் வாதம். இதனை அறிஞர் அனைவரும் ஏற்றிலர். எனினும் பழைய கொள்கை ஐயத்திற்கு இடமற்றது என்று கூறும் நிலை நீங்கிவிட்டது.

ஆகவே புதினத்தின் பிழை என நாம் கருதுவன சில, அதற்கு மூலமாகிய பழைய நூல்களிலேயே உள்ளன. செங்கஸ் ஆவணமும் மன்னர் குலமுறையைக் கூறி உரிமையை நிலைநாட்ட எழுந்ததே. கற்பனை கலவாத வரலாறு ஒருபுறமும் கலந்த புதினம் மறுபுறமும் நிற்பதாக எண்ணுதல் பொருந்தாது. இரண்டினையும் எழுதியோரின் நோக்கம் யாதென அறிந்து கற்றலே ஆராய்ச்சி மாணவர் கடன் என்பது எம் துணிபு.