உரையாடல் அசைவூட்டம்

உரையாடல் அசைவூட்டம் என்பது முன்னரே ஒலிப்பதிவு செய்யப்பட்ட பேச்சுக்கு ஏற்ப ஒரு கதைமாந்தரை நடிக்கச் செய்யும் அசைவூட்ட முறை ஆகும். குரலை ஒரு நடிகர் தருகிறார். உடல், முகம், பார்வை ஆகியவற்றின் நடிப்பை அசைவூட்டக் கலைஞர் தருகிறார். இரண்டும் ஒரே ஆளிடமிருந்து பிறப்பதாகப் பார்வையாளர் நம்ப வேண்டும் என்பதே இக்கலையின் நோக்கமாகும். ஒரு காட்சியைப் பல நூறு முறை பார்க்கும் கலைஞருக்கு அதன் குறைகள் நாளடைவில் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. ஆகையால், முடிவடையாத வேலையைச் சக கலைஞர்களுக்குக் காட்டிக் கருத்துக் கேட்பது இத்துறைப் பணிமுறையின் ஒரு பகுதியாக நிலைபெற்றுள்ளது.

குரலும் படமும்

அமெரிக்க அசைவூட்டத் திரைப்படங்களில் பொதுவாகக் குரலே முதலில் பதிவு செய்யப்படுகிறது. பேச்சின் வேகம், இடைநிறுத்தம், மூச்சு ஆகியவை முன்கூட்டியே தெரிவதால் அவற்றை அடிப்படையாகக் கொண்டு அசைவுகளைத் திட்டமிட முடிகிறது. எல்லா இடங்களிலும் இவ்வழக்கம் இல்லை. 1930களில் பிளைசர் நிறுவனம் தயாரித்த பாப்பாய் குறும்படங்களில் படம் வரைந்த பின்னரே குரல் சேர்க்கப்பட்டது. பாப்பாய் வாயசைக்காமல் முணுமுணுப்பது இதனால் விளைந்ததே. சப்பானிய அசைவூட்டத்திலும் பின்னர்க் குரல் சேர்ப்பதே பெருவழக்கு. 1988இல் வெளிவந்த அகிரா திரைப்படம் குரலை முன்பதிவு செய்த விதிவிலக்குகளுள் ஒன்று.

ஒரு குரல் அசைவூட்டத்திற்கு எவ்வளவு தூண்டுதலாக அமையும் என்பதற்கு அலாவுதீன் (1992) திரைப்படத்தின் பூதம் நல்ல எடுத்துக்காட்டாகும். நடிகர் ராபின் வில்லியம்ஸ் அவ்வேடத்தை ஏற்பதற்கு முன், அவருடைய மேடை நகைச்சுவை ஒலிப்பதிவிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, அதற்கேற்பப் பூதம் பேசுவதாக எரிக் கோல்ட்பர்க் ஒரு சோதனைப் படம் வரைந்தார். அதைப் பார்த்து மகிழ்ந்த வில்லியம்ஸ் நடிக்க இசைந்தார்.

தொழில்முறை நடிகரின் குரல்தான் தேவை என்பதில்லை. ஜான் ஹப்லி, பெய்த் ஹப்லி இணையர் தம் பிள்ளைகளின் விளையாட்டுப் பேச்சைப் பதிவு செய்து மூன்பேர்டு (1959) என்னும் குறும்படத்தை உருவாக்கினர். நிக் பார்க் இயக்கிய கிரியேச்சர் கம்பர்ட்சு (1989) களிமண் அசைவூட்டத்தில், பொதுமக்களிடம் எடுத்த நேர்காணல்களின் குரல்கள் விலங்குக் காட்சிசாலை விலங்குகளுக்குப் பொருத்தப்பட்டன. இவ்விரு படங்களும் ஆஸ்கார் விருது பெற்றன. இயல்பான பேச்சின் தயக்கங்களும் திக்கல்களும் இவற்றில் நடிப்புக்கு அடிப்படையாயின.

பணிமுறை

திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படச்சட்டங்கள் உள்ளன. எனவே 10 வினாடி உரையாடலுக்கு 240 படச்சட்டங்கள் தேவை. ஒலிப்பதிவைக் கேட்டு, எந்த ஒலி எந்தப் படச்சட்டத்தில் விழுகிறது என்பதை முதலில் ஒரு தாளில் பட்டியலிடுவர். பின்னர் பணி பின்வரும் வரிசையில் நடைபெறும்:

1. குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பேசுபவரின் மனநிலை மாறும் இடங்களைக் கண்டறிதல்.
2. கலைஞர் தாமே நடித்துப் பார்த்தலும் சிறு ஓவியங்களில் திட்டமிடுதலும்.
3. காட்சியின் பொருளைத் தாங்கும் முதன்மை நிலைகளை மட்டும் அமைத்தல்.
4. இடைநிலைகளைச் சேர்த்து அசைவைச் சீராக்குதல்.
5. வாயசைவு, இமை, விரல் போன்ற நுண்பகுதிகளை முடித்தல்.

வாயசைவு பெரும்பாலும் இறுதியில் வருவதைப் புதியவர்கள் வியப்புடன் நோக்குவர். ப, ம ஆகிய ஒலிகளுக்கு உதடுகள் மூட வேண்டும். உ, ஓ ஆகியவற்றிற்குக் குவிய வேண்டும். இவை சரியாக அமைந்தால் மற்ற ஒலிகளை ஓரளவு சுருக்கிக் காட்டலாம். ஆனால் உடலின் நடிப்பு பொய்யாக இருப்பின், எவ்வளவு துல்லியமான வாயசைவும் காட்சியைக் காப்பாற்றாது.

சொல்லும் உட்பொருளும்

பேச்சின் சொற்கள் வேறு, பேசுபவரின் எண்ணம் வேறு என்பதே இம்முறையின் மையச் சிக்கல். எடுத்துக்காட்டாக, "எனக்கு ஒன்றுமில்லை, நீ போய் வா" என்று ஒரு மாந்தர் நடுங்கும் குரலில் சொல்வதாகக் கொள்ளலாம். "எனக்கு" என்றதும் மார்பைத் தொட்டு, "ஒன்றுமில்லை" என்றதும் கையை விரித்து, "போய் வா" என்றதும் வாசலைச் சுட்டுவது தொடக்க நிலையில் உள்ளோர் செய்யும் பிழையாகும். இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சைகை உண்டு. அழுகையை அடக்கும் ஆள் இல்லை. தேர்ந்த கலைஞர் அதே வரிக்கு மாந்தரைப் பாத்திரம் துலக்கவைத்து, "நீ" என்னும் சொல்லில் மட்டும் கையை ஒரு கணம் நிறுத்தக்கூடும்.

விமர்சனத்தின் வரலாறு

1930களின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஹைபீரியன் அவென்யூவில் இருந்த வால்ட் டிஸ்னியின் படப்பிடிப்பகத்தில் பென்சில் சோதனை வழக்கத்திற்கு வந்தது. மையும் வண்ணமும் தீட்டுவதற்கு முன், பென்சில் ஓவியங்களையே படமெடுத்து ஓட்டிப் பார்ப்பது இம்முறை. காற்றோட்டமில்லாத ஒரு சிறு அறையில் இவை திரையிடப்பட்டன. அறையின் புழுக்கத்தாலும், தம் வேலை அலசப்படும்போது கலைஞர்கள் அடைந்த பதற்றத்தாலும் அதற்கு "வியர்வைப் பெட்டி" என்னும் பெயர் வந்தது. 1932இல் டான் கிரகாம் தலைமையில் படப்பிடிப்பகத்திலேயே ஓவிய வகுப்புகள் தொடங்கின. அங்கு அசைவுகளைக் கூடி ஆராயும் பழக்கமும் வளர்ந்தது. 1937இல் வெளியான சுனோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும் திரைப்படம் இச்சூழலில் உருவானதாகும். அக்காலக் கலைஞர்களான பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் ஆகியோர் 1981இல் எழுதிய நூல் இம்முறைகளையும் அசைவூட்டத்தின் 12 அடிப்படை நெறிகளையும் விரிவாகப் பதிவு செய்துள்ளது.

கணினி அசைவூட்டத்திலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. பிக்சார் நிறுவனத்தில் அசைவூட்டுநர்கள் முடிவடையாத காட்சிகளை இயக்குநருக்கும் சக கலைஞர்களுக்கும் ஒருங்கே காட்டும் அன்றாடக் கூட்டங்கள் நடைபெறுவதை அதன் நிறுவனர்களுள் ஒருவரான எட் கேட்முல் 2014இல் வெளியான தம் நூலில் விவரித்துள்ளார். ஒருவருக்குச் சொல்லப்படும் கருத்து அறையிலுள்ள அனைவருக்கும் பாடமாவதும், அரைகுறை வேலையைக் காட்டும் கூச்சம் நீங்குவதும் இதன் பயன்களாகும்.

பயனுள்ள கருத்துரை

கலைஞர் தாம் எண்ணியதை அறிவார். ஆகவே திரையில் இல்லாததும் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. சக கலைஞருக்கு அந்த முன்னறிவு இல்லை. அவரது பயன் இதிலேயே உள்ளது. "நன்றாக இருக்கிறது", "சரியில்லை" என்பவற்றால் கலைஞருக்குச் செய்வதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. "இவள் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்" என்பது கலைஞரின் எண்ணத்திற்கும் படத்திற்கும் உள்ள இடைவெளியைக் காட்டுகிறது. பின்வரும் வழிகள் பரவலாகக் கைக்கொள்ளப்படுகின்றன:

* முதன்முறை பார்க்கும்போது விளக்கம் எதுவும் கூறாதிருத்தல். அந்த முதற்பார்வை மீண்டும் கிடைக்காது.
* ஒலியை நிறுத்திப் பார்த்தல். மாந்தரின் மனநிலை அப்போதும் விளங்கினால் உடல் நடிப்பு தெளிவாக உள்ளது எனக் கொள்ளலாம்.
* படத்தைக் காணாமல் ஒலியை மட்டும் கேட்டு, குரலில் உள்ள உணர்வு படத்திலும் உள்ளதா என ஒப்பிடுதல்.
* நடிப்பு, காலஅளவு ஆகியவற்றை முதலிலும், வாயசைவு போன்ற நுண்குறைகளைப் பிறகும் பேசுதல்.

கருத்து வரும் காலமும் முக்கியமானது. முதன்மை நிலைகள் மட்டும் உள்ளபோது ஒரு நடிப்பை முழுதும் மாற்றச் சில மணிநேரம் போதும். எல்லாம் முடிந்த பின் அதே மாற்றம் பல நாள் உழைப்பை வீணாக்கும். அந்நிலையில் கலைஞர் தம் வேலையைத் திருத்துவதை விட்டு அதற்காக வாதாடத் தொடங்குவதும் உண்டு.

வரம்புகள்

பலரின் கருத்துகள் ஒன்றுக்கொன்று முரண்படலாம். அனைத்தையும் ஏற்றால் காட்சி யாருடைய நடிப்பாகவும் இல்லாமல் போகும். பலரும் ஒரே இடத்தில் தடுமாறினால் அங்குக் குறை உள்ளது என்பது உறுதி. ஆயினும் அவர்கள் கூறும் தீர்வு சரியாக இருக்க வேண்டியதில்லை. திரைப்படத்தில் இறுதி முடிவு இயக்குநருடையது; மாணவர் பயிற்சியில் அது மாணவருடையது.

இவற்றையும் பார்க்க

* அசைவூட்டம்
* குரல் நடிப்பு
* பின்னணிக் குரல்
* களிமண் அசைவூட்டம்