எந்திரங்கள் ஏறிய ரயில்

போரில் பின்வாங்குவது படைகள் மட்டுமல்ல, தொழிற்சாலைகளும் பின்வாங்குகின்றன. அந்த அவசரத்தில் ஒரு அரசு எதை முதலில் வண்டியேற்றுகிறது என்று பார்த்தால், எதைத் தன் சொத்தாகக் கருதுகிறது என்பது தெரிந்துவிடும். சரித்திர நூல்களோ இதைப் போக்குவரத்துச் சாதனையாக எழுதி முடித்துவிடுகின்றன.

பெரிய உதாரணம் ருஷ்யா. 1941 ஜூன் 22இல் ஜெர்மானியர் நுழைந்தனர். இரண்டே நாளில் இடப்பெயர்ப்புக்கென ஒரு குழு அமைந்தது. ஜூலை முதல் நவம்பர் வரை 1,523 ஆலைகள் கிழக்கே சென்றன என்பது சோவியத் கணக்கு. கார்கோவின் டாங்கி ஆலை யூரல் பகுதியிலுள்ள நிஜ்னி தாகிலுக்குப் போயிற்று. கூடவே தொழிலாளிகளும் குடும்பங்களும் போனார்கள். காரணம் கருணையல்ல. லேத்தைக் கழற்றி, எண் போட்டு, கிரீஸ் தடவி அனுப்பலாம். அதை ஓட்டும் கைப்பழக்கத்தைப் பெட்டியில் கட்ட முடியாது. லெனின்கிராடில் எந்திரங்களுக்குக் கிடைத்த இடம் எல்லா மனிதர்களுக்கும் கிடைக்கவில்லை. முற்றுகையில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தனர்.

இந்தியாவில் இதே காரியம் 1942இல் நடந்தது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு போட்டனர். சென்னையின் அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு நகர்ந்தன. கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையிலிருந்த இஷாப்பூர் ரைபிள் ஆலையின் எந்திரங்களில் ஒரு பகுதி ஏறத்தாழ 1,000 கி.மீ. தள்ளியிருந்த கான்பூருக்குப் போயிற்று. அங்கே அந்த ஆண்டே சிறு ஆயுத ஆலை எழுந்தது. துப்பாக்கிக் குழலைத் துளைக்க, உள்ளே வரி வெட்ட, ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கருவி, தனி அளவுமானி. ஒன்று தவறினால் மொத்த வரிசையும் நின்றுவிடும். அவ்வளவு கவனம் அந்த அரசுக்குச் சாத்தியமாகவே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால், அதே வங்காளத்தில், அதே ஆண்டில், பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகள் எதிரி கையில் சிக்கக்கூடாது என்று கடலோர மாவட்டங்களிலிருந்து அகற்றப்பட்டன. 40,000க்கும் மேற்பட்ட படகுகள் புழக்கத்திலிருந்து போயின. ஆறுகளே பாதையான நாட்டில் மீன்பிடிப்பும் நெல் வண்டவாளமும் படகில்தான். 1943இல் பஞ்சம் வந்தது. பர்மா அரிசி நின்றது, புயல், விலையேற்றம், பதுக்கல் என்று வேறு காரணங்களும் உண்டு. செத்தவர்கள் 15 லட்சம் என்றது விசாரணைக் குழு. பின்னால் வந்த கணிப்புகள் 30 லட்சம் வரை போகின்றன. ஜப்பானியருக்குப் பயந்து துப்பாக்கி எந்திரத்தைக் காப்பாற்றிய அதே நிர்வாகம், அதே பயத்தில் குடியானவனின் படகைப் பிடுங்கியது. இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாத சரித்திரம் அரைச் சரித்திரம்தான்.

நம் பக்கத்துக் கணக்கும் ஒன்றிருக்கிறது. பழைய சேலம் ஜில்லாவில் (நாமக்கல்லும் அப்போது அதில் சேர்த்தி) மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒரு குறுகிய ரயில்பாதை திறக்கப்பட்டது. 1913இல் ஓசூர் வரை நீண்டது. பஞ்சகாலத்தில் தானியம் கொண்டுபோகவே போடப்பட்ட பாதை அது. நஷ்டத்தில் ஓடியது. போர் நடந்துகொண்டிருந்த 1941இல் அது மூடப்பட்டது; தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இந்தியாவின் மீட்டர்கேஜ் எஞ்சின்களும் வாகன்களும் மத்திய கிழக்குக்குக் கப்பலேறிய காலம் அது. பஞ்சத்துக்கென்று போட்ட பாதையை எடுத்த இரண்டாம் ஆண்டில் நாட்டின் இன்னொரு மூலையில் பஞ்சம் வந்தது. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆனால் முடிவெடுத்த மனம் ஒன்றே.