ஒன்பது வருடம் பிந்தி வந்த வெள்ளி

2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக், பெண்களுக்கான 200 மீற்றர் இறுதிப்போட்டி. சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கனில் ஓடி மூன்றாவதாக வந்தார். 1948 இல் டங்கன் வைட் வெள்ளி எடுத்ததற்குப் பிறகு இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. இதை எழுதுகிற எங்களில் பாதிப்பேர் அண்டைக்குப் பிறக்கவே இல்லை. முதலாவதாக வந்தவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ், 21.84.

2009 டிசெம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு அந்த வெண்கலத்தை வெள்ளியாக மாற்றியது. ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்திருந்தார். ஆய்வுகூடம்தான் பிடிச்சிருக்கும் எண்டு நினைச்சால் அது பிழை. எத்தனையோ தடவை சிறுநீர் கொடுத்தும் அவர் அகப்படவில்லை. 2006 இல் ஒருமுறை A மாதிரியில் ஈபிஓ இருப்பதாக வந்தது. B மாதிரி இல்லை என்றது, விட்டுவிட்டார்கள். கடைசியில் 2007 இல் நீதிமன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டார். விசாரணை அதிகாரிகளிடம் பொய் சொன்னதற்கு ஆறு மாதச் சிறை.

இதன் மறுபக்கம்தான் எங்களை யோசிக்க வைத்தது. 1998 இல் நன்ட்ரொலோன் இருக்கிறது என்று சோதனை முடிவு வந்தது சுசந்திகாவுக்கு. அதிகாரத்தில் இருந்தவர்களின் பழிவாங்கல் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். பிறகு குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆக, "இருக்கு" என்று சொல்லப்பட்டவர் விடுதலையானார், "இல்லை" என்று சொல்லப்பட்டவர் சிறைக்குப் போனார். அப்ப அந்த ஆய்வுகூடம் உண்மையில் எதைத்தான் பார்க்கிறது?

அது தேடுவது பெரும்பாலும் மருந்தை அல்ல, மருந்தை உடம்பு உடைத்த பிறகு மிஞ்சுகிற துண்டை. நன்ட்ரொலோன் எடுத்தவரின் சிறுநீரில் 19-நொரன்ட்ரொஸ்டெரோன் என்ற பொருள் வரும். ஒரு மில்லிலீற்றரில் 2 நனோகிராம் என்பது நீண்டகாலம் அதற்கான எல்லையாக இருந்தது. ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் வருகிற ஒரு துணுக்குத்தான் நனோகிராம். சிறுநீர் இரண்டு போத்தல்களில் பிரித்து முத்திரையிடப்படும். மேலே பெயர் இராது, இலக்கம் மட்டும். முதலில் A திறக்கப்படும்; அதில் ஏதும் வந்தால் B. மாதிரியைச் சூடாக்கி ஆவியாக்கி, தலைமயிர் மாதிரி மெல்லிய நீண்ட குழாய்க்குள்ளால் அனுப்புவார்கள். ஒவ்வொரு பொருளும் தன் தன் நேரத்துக்கு வெளியே வரும். வந்ததை இலத்திரன்களால் அடித்து உடைத்து, துண்டுகளின் நிறையை அளப்பார்கள். ஒரு பொருள் எப்படி உடையும் என்பது அதன் கைரேகை மாதிரி.

இந்த வசதி ஒரே நாளில் வந்ததல்ல. 1967 இல் பிரிட்டனின் ரொம் சிம்ப்சன் துர் டு பிரான்ஸ் சைக்கிளோட்டத்தில் மலையேறும்போது விழுந்து இறந்தார். உடம்பில் அம்பெற்றமின் இருந்தது. அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கில் சோதனை தொடங்கியது, ஆனால் ஸ்டெரொயிட்டைப் பிடிக்க வழியில்லை. அதற்கு 1976 மொன்றியல் வரை பொறுக்க வேண்டியிருந்தது. 1983 இல் கராகஸில் நடந்த பான் அமெரிக்கப் போட்டிக்கு மேற்கு ஜேர்மனியின் மன்ஃப்ரெட் டொனிகே, மேலே சொன்ன இயந்திர முறையோடு வந்தார். ஆளே பழைய சைக்கிளோட்ட வீரர். சோதனை கடுமையாம் என்று கேள்விப்பட்டதும் அமெரிக்க மெய்வல்லுநர்கள் கொஞ்சப்பேர் ஓடாமலே விமானம் ஏறிவிட்டார்கள்.

ஆனால் இயந்திரம் தனக்குத் தெரிந்த முகத்தைத்தான் அடையாளம் காணும். ஜோன்ஸ் எடுத்தது டிஎச்ஜி, அகப்படக்கூடாது என்றே செய்யப்பட்ட ஸ்டெரொயிட். வழமையான முறையில் சூடாக்கும்போது அது சிதைந்து போய்விடும், பதிவே இராது. 2003 இல் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த ஊசிக்குழாய் ஒன்று அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்குக் கிடைத்தது. அனுப்பியவர் ட்ரெவர் கிரஹாம், ஜோன்ஸின் பழைய பயிற்றுநரேதான்! லொஸ் ஏஞ்சலிசில் டொன் கற்லினின் ஆய்வுகூடம் அதன் அமைப்பைக் கண்டுபிடித்து, ஆவியாக்காமல் திரவத்திலேயே பிரித்துப் பார்க்கும் சோதனையை உருவாக்கியது.

சுசந்திகாவின் கதையில் நாங்கள் ஏமாற்றப்பட்ட பக்கம் நின்றோம். 2019 இல் நிலைமை வேறு. திருச்சிக்குப் பக்கத்து முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, டோஹா ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 800 மீற்றரை 2:02.70 இல் ஓடித் தங்கம் வென்றபோது இங்கேயும் எல்லாரும் படத்தைப் பகிர்ந்தோம். அவரது சிறுநீரிலும் அதே 19-நொரன்ட்ரொஸ்டெரோன். டோஹாவுக்கு முன்பே பட்டியாலாவில் எடுத்த மாதிரிகளிலும் அது இருந்தது, ஆனால் முடிவு வரமுதலே அவர் ஓடிவிட்டார். நான்கு வருடத் தடை; பதக்கமும் போனது. அந்த ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த சீனாவின் வாங் சுன்யுவும் ஒருவகையில் சுசந்திகா மாதிரித்தான் எண்டு சொல்ல எங்களுக்கு மனம் வரக் கொஞ்ச நாள் எடுத்தது.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறோம்? இப்ப சந்திக்குச் சந்தி ஜிம் இருக்கு. என்ன பவுடர் நல்லது எண்டு கேட்கிற பள்ளிக்கூடப் பெடியளும் இருக்கினம். ஊக்கமருந்துக்கு எதிரான சட்டம் 2013 இல் வந்தது, அதற்கென ஒரு நிறுவனமும் இருக்கிறது. ஆனால் உலக அமைப்பு அங்கீகரித்த ஆய்வுகூடம் இலங்கையில் இல்லை. மாதிரிகள் வெளிநாட்டுக்குப் போகவேண்டும். பக்கத்து டெல்லி ஆய்வுகூடத்துக்கே 2019 ஓகஸ்டிலிருந்து 2021 டிசெம்பர் வரை அங்கீகாரம் நிறுத்தப்பட்டிருந்தது.

பவுடர் மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. 2011 உலகக்கிண்ணத்தில் உபுல் தரங்கவின் சிறுநீரில் பிரெட்னிசொலோன் வந்தது. தோள்மூட்டு நோவுக்கு எடுத்த மூலிகை மருந்தில் அது கலந்திருந்ததாம். வேணுமெண்டு எடுக்கவில்லை என்பதை ஏற்றுக்கொண்டார்கள், ஆனாலும் மூன்று மாதத் தடை. உடம்புக்குள் என்ன போனாலும் பொறுப்பு வீரருடையது என்பதுதான் விதி. சுளுக்கு, நோவு என்றால் பரியாரியிடம் போவது எங்கட ஊரில் வழமை. எண்ணெய்ப் போத்தலிலோ குளிகைச் சரையிலோ உள்ளே என்ன இருக்கு எண்டு எழுதியிருக்காது. மாவட்டம், மாகாணம் தாண்டித் தேசிய மட்டத்துக்குப் போகிற பிள்ளைக்கு இதைச் சொல்லிக்குடுக்க மைதானத்தில் ஆள் வேணும்.