ஜின் அண்ட் டானிக்: கிளாஸுக்குள்ள இருக்கிற நீலகிரி

போன எபிசோட்ல பஞ்ச் பத்திப் பேசினோம். 1632ல கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஒருத்தர் கோரமண்டல் கரையில இருந்த இன்னொருத்தருக்கு எழுதின கடிதத்துலதான் அந்தச் சொல் முதல்ல கிடைக்குதுன்னு பார்த்தோம். நிறைய பேர் கேட்டது ஒரே கேள்வி: "சரிங்க, அது கடலோரம். நம்ம மேற்கு மலைப் பக்கம் எதுவும் இல்லையா?" இருக்குங்க. உலகத்துல எந்த பாருக்குப் போனாலும் கிடைக்கிற ஒரு டிரிங்க். ஜின் அண்ட் டானிக்.

இதோட கதை உங்களுக்கே தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இந்தியாவுல மலேரியா வந்தது. குயினைன் குடிக்கச் சொன்னாங்க. அது பயங்கரக் கசப்பு. சோடா, சர்க்கரை, எலுமிச்சை, கூடவே ஜின் ஊத்திக் குடிச்சாங்க. மலேரியா போச்சு, காக்டெயில் வந்துச்சு. பெங்களூர் பார்ல மெனு கார்டு பின்னாடி இதை அச்சடிச்சே வெச்சிருப்பாங்க. கேட்க அழகா இருக்கு. ஆனா கணக்குப் போட்டுப் பார்த்தா நிக்கல.

கணக்கைப் பார்த்துடலாம். அமெரிக்காவோட எஃப்டிஏ விதிப்படி இன்னைக்கு ஒரு லிட்டர் டானிக் வாட்டர்ல அதிகபட்சம் 83 மில்லிகிராம் குயினைன் இருக்கலாம். மலேரியா வந்த பெரியவருக்கு வாய்வழியா குடுக்கிற குயினைன் ஒரு நாளைக்கு சுமார் 1,800 மில்லிகிராம். வகுத்துப் பாருங்க, 21 லிட்டருக்கு மேல வருது. நம்ம சரவணம்பட்டி ரூம்கள்ல வாசல்ல நிக்குற தண்ணி கேன் 20 லிட்டர். அதுல ஒரு முழு கேன், அதுக்கு மேல ஒரு பெரிய பாட்டில். ஒரே நாளைக்கு! இதை நாள் கணக்குல தொடரணும்.

"அந்தக் காலத்து டானிக் இன்னும் ஸ்ட்ராங்கா இருந்திருக்கும்ல?"ன்னு கேப்பீங்க. நாலு மடங்குன்னே வெச்சுக்கலாம், அப்பவும் தினம் அஞ்சு லிட்டருக்கு மேல. காய்ச்சல் வராம தடுக்கிற டோஸ் இதைவிடக் கம்மிதான். ஆனா அதுக்கும் ஒரு கிளாஸ் ரெண்டு கிளாஸ் பத்தாது.

இன்னொண்ணு, சாதாரணச் சிப்பாய்க்கு இங்க ரேஷன்ல கிடைச்சது அரக்கும் ரம்மும். அவன் கையில ஜின் கிளாஸை யார் குடுத்தாங்கன்னு இந்தக் கதை சொல்றதே இல்ல.

மதுவுல குயினைன் கலந்து குடிச்சதே பொய்யான்னா, இல்ல. அது உண்மை. கடற்படையில ஒயின்ல கலந்து குடுத்தாங்க. 1854ல ஆப்பிரிக்காவுல நைஜர் நதியில போன ஒரு பிரிட்டிஷ் குழுவுல எல்லாரும் தினம் குயினைன் எடுத்துக்கிட்டாங்க. அந்தப் பயணத்துல காய்ச்சலால ஒருத்தர்கூட சாகல. முன்னாடி அதே நதிக்குப் போன குழுக்கள்ல கொத்துக் கொத்தா செத்திருக்காங்க. ஆனா அது மருந்து. அளந்து குடுத்தது. மாலை நேரத்துல சாய்வு நாற்காலியில உக்காந்து குடிச்ச டிரிங்க் கிடையாது.

டானிக் வாட்டர் வேற ரூட்ல வந்தது. 1858ல லண்டன்ல எராஸ்மஸ் பாண்ட்னு ஒருத்தர் குயினைன் கலந்த சோடாவுக்கு பேட்டன்ட் வாங்குறார். அதை வித்தது ஜீரணத்துக்கும் பொதுவான தெம்புக்கும்னு சொல்லித்தான். 'டானிக்'ங்கிற பேரே அதைத்தான் சொல்லுது, நம்ம வீடுகள்ல பசி எடுக்காத பிள்ளைக்கு டானிக் குடுப்பாங்களே, அதே டானிக். 1870ல ஷ்வெப்ஸ் கம்பெனி 'இந்தியன் குயினைன் டானிக்'னு ஒண்ணை இறக்குது. அந்த 'இந்தியன்' இன்னைக்கும் அவங்க பாட்டில் லேபிள்ல இருக்கு.

ஜின்னும் டானிக்கும் சேர்ந்தது எப்போ? கிம் வாக்கர், மார்க் நெஸ்பிட்னு ரெண்டு பேர் 2019ல 'ஜஸ்ட் த டானிக்'னு ஒரு புத்தகம் எழுதினாங்க. அவங்க தேடிப் பிடிச்ச பழைய குறிப்பு 1868, 'ஓரியன்டல் ஸ்போர்ட்டிங் மேகசின்'. இடம் ஆஸ்பத்திரியும் இல்ல, ராணுவ முகாமும் இல்ல. வட இந்தியாவுல ஒரு குதிரைப் பந்தயம் முடியுது, கூட்டம் பிராந்தி சோடா கேக்குது, ஜின் அண்ட் டானிக் கேக்குது, சுருட்டு கேக்குது. அவ்வளவுதான். வெயில்ல நின்னவங்க தாகத்துக்குக் கேட்ட டிரிங்க்.

அப்போ இதுல நம்ம மலை எங்க வருது? அந்தக் கசப்புல வருது.

குயினைன் சின்கோனா மரத்தோட பட்டையில இருந்து எடுக்கிறது. நம்ம ஊர்ல 'கொய்னா'ன்னு சொல்லுவாங்க. வீட்டுல வயசான அப்பாரு, அம்மிச்சி இருந்தா 'கொய்னா மாத்திரை'ன்னு சொல்லிப் பாருங்க, மூஞ்சியைச் சுளிப்பாங்க. மரத்தோட சொந்த ஊர் தென் அமெரிக்காவோட ஆண்டிஸ் மலை. பட்டையில இருந்து குயினைனைத் தனியாப் பிரிச்சது 1820ல, பெல்லத்தியே, கவந்துன்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு சாம்ராஜ்யத்துக்கும் அந்த மரம் சொந்தமா வேணும். ஆண்டிஸ் நாடுகளோ செடியும் விதையும் வெளிய போகக்கூடாதுன்னு இருந்தாங்க.

1860ல கிளெமென்ட்ஸ் மார்க்கம்ங்கிற ஆங்கிலேயர் செடிகளைக் கண்ணாடிப் பெட்டியில அடைச்சு கப்பல் ஏத்தி, அந்த வருஷ அக்டோபர்ல ஊட்டிக்குக் கொண்டு வர்றார். அந்தச் செடிகள் பெரும்பாலும் பொழைக்கல. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ்ங்கிற தாவரவியல் அறிஞர் ஈக்வடார்ல சேகரிச்சு அனுப்பின சிவப்புப் பட்டை வகை 1861ல வந்துச்சு. அது பிடிச்சுக்கிச்சு. ஊட்டி அரசுத் தோட்டத்தைப் பார்த்துக்கிட்ட வில்லியம் மெக்கைவர் அதைப் பெருக்கினார். முதல்ல தொட்டபெட்டா, அப்புறம் நடுவட்டம்.

நடுவட்டம் தெரியும்ல? இங்கிருந்து மேட்டுப்பாளையம் போய், ஊட்டி ஏறி, பைக்காரா தாண்டி கூடலூர் இறங்குற ரோட்ல வரும். முதுமலை போற அவசரத்துல நாம டீ குடிக்கக்கூட நிறுத்தாத ஊர். ஒரு காலத்துல அங்க அரசாங்கத்தோட குயினைன் ஃபேக்டரியே ஓடுச்சு.

அந்தக் காட்டை வெட்டி, குழி தோண்டி, செடி நட்டது யாரு? மலைக்கு வர கூலியாட்கள் தயங்கினாங்க, ஆள் பத்தல. அரசாங்கம் கைதிகளைக் கொண்டு வந்துச்சு. அவங்கள்ல பலர் சீனர்கள். மலாயா, சிங்கப்பூர் பக்கம் இருந்த 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்'ல தண்டனை வாங்கினவங்க. அங்க ஜெயில்ல இடம் இல்லைன்னு மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினாங்க, மதராஸ் அவங்களை மலை ஏத்துச்சு. நடுவட்டத்துல அந்தப் பழைய ஜெயில் இன்னும் நிக்குது. அவங்க அபினிப் போர்க் கைதிகள்னு ஒரு பேச்சு உண்டு. முதல் அபினிப் போர் முடிஞ்சது 1842ல. நீலகிரிக்கு சின்கோனா வர்றதுக்கு 18 வருஷம் முன்னாடி. அதனால எனக்கு அந்தப் பேச்சுல நம்பிக்கை இல்ல.

விடுதலையானதும் சில பேர் ஊர் திரும்பல. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவுல சரிவுகள்ல தங்கிட்டாங்க. பறையர் சமூகத்தைச் சேர்ந்த தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கிட்டாங்க. காய்கறி போட்டாங்க, கொஞ்சம் காப்பி வெச்சாங்க, மாடு வளர்த்து பால் வித்தாங்க. மதராஸ் மியூசியத்தோட தலைவரா இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890கள்ல இந்தக் குடும்பங்களைத் தேடிப் போய்ப் பார்த்து எழுதியிருக்கார். என்ன எழுதினார்? பெரும்பாலும் மூக்கு எவ்வளவு நீளம், மண்டை எவ்வளவு அகலம், தோல் என்ன நிறம்னு அளவுகள். பிள்ளைகளையும் அப்படித்தான் பார்த்தார். அந்தப் பெண்கள் எந்த ஊர்ல இருந்து மலை ஏறினாங்க, எந்த மொழியில சண்டை போட்டுக்கிட்டாங்க, இதையெல்லாம் அவர் கேட்டிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! ஜின் அண்ட் டானிக் கதையில எனக்குப் பிடிச்ச மனுஷங்க இவங்கதான். மெனு கார்டுல வராதவங்க.

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்த மரத்துல ஒரு சிக்கல். சிவப்புப் பட்டையில குயினைன் கம்மி, அதோட சொந்தக்கார ஆல்கலாய்டுகள்தான் ஜாஸ்தி. அதனால 1866ல மதராஸ்ல ஒரு கமிஷன் போட்டு, அந்த மத்த ஆல்கலாய்டுகளைக் காய்ச்சல்காரங்களுக்குக் குடுத்துப் பார்த்தாங்க. ஏறக்குறைய குயினைன் அளவுக்கே வேலை செஞ்சுது. உலக மார்க்கெட்டுக்கு மட்டும் சுத்தமான குயினைன்தான் வேணும்.

அந்த மார்க்கெட்டை டச்சுக்காரங்க பிடிச்சாங்க. பொலிவியாவுல மானுவேல் இங்க்ரா மாமனின்னு ஒரு பழங்குடி மனுஷர். பட்டையைப் பார்த்தே மரத்தோட தரம் சொல்லக்கூடியவர். குயினைன் நிறைஞ்ச மரத்தோட விதையைச் சேகரிச்சு சார்லஸ் லெட்ஜர்ங்கிற ஆங்கில வியாபாரிக்குக் குடுத்தார். 1865ல அது லண்டன் போச்சு, பிரிட்டிஷ் அரசாங்கம் ஆர்வம் காட்டல. டச்சு அரசாங்கம் ஒரு பவுண்ட் விதை வாங்கி ஜாவாவுல போட்டுச்சு. அதுல இருந்துதான் பின்னாடி உலகக் குயினைன்ல 90 சதவீதத்துக்கு மேல வந்துச்சு. மரத்துக்கு லெட்ஜர் பேரு வெச்சாங்க, 'லெட்ஜரியானா'ன்னு. மாமனியை 1871ல பிடிச்சு அடிச்சாங்க, கொஞ்ச நாள்ல இறந்துட்டார்.

இத்தனை நடக்கும்போதும் மலேரியா எப்படி வருதுன்னு யாருக்கும் தெரியாதுங்கிறதை மறந்துடாதீங்க. 1897 ஏப்ரல்ல ரொனால்ட் ராஸ் ஊட்டிக்கு லீவுல வந்து, சீகூர் மலைச்சரிவுல மலேரியா வாங்கிக்கிட்டார். அதே வருஷம் ஆகஸ்ட் 20ல செகந்திராபாத்ல கொசுவோட வயித்துல அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சார்.

அப்போ சாதாரண ஜனங்களுக்கு குயினைன் எப்படிக் கிடைச்சது? போஸ்ட் ஆபீஸ்லங்க. 1892ல வங்காளத்துல ஆரம்பிச்சாங்க, அப்புறம் மத்த மாகாணங்களுக்கும் வந்துச்சு. பைசா விலைக்கு சின்னப் பொட்டலம். ஸ்டாம்ப் வாங்குற ஜன்னல்லயே காய்ச்சல் மருந்து. பொட்டலத்தைப் பிரிச்சு, வாயில கொட்டி, தண்ணி குடிச்சு, அந்தக் கசப்போட வேலைக்குப் போனவங்கதான் குயினைனோட உண்மையான கஸ்டமர். ஜின் இல்ல, ஐஸ் இல்ல.

1942ல ஜப்பான் ஜாவாவைப் பிடிச்சதும் நேச நாடுகளுக்குக் குயினைன் சப்ளை அறுந்துச்சு. போர் முடியவும் குளோரோகுயின் மாதிரி செயற்கை மருந்துகள் வந்து சின்கோனாவோட காலம் இறங்கிடுச்சு. நம்ம கோயம்புத்தூர் மாவட்டத்துலயே, வால்பாறை பக்கம் அரசாங்கத்தோட சின்கோனா தோட்டங்கள் இருந்துச்சு. இப்போ அங்க டான்டீ தேயிலை. ஊர் பேரு மட்டும் இன்னும் 'சின்கோனா'ன்னே இருக்கு.

இப்போ செய்முறை. 21 வயசு ஆகாதவங்க கடைசிப் பத்திக்குத் தாவிடுங்க.

உயரமான கிளாஸ். அதை ஐஸ் கட்டியால முழுக்க நிரப்புங்க, பாதி இல்ல, முழுக்க. ரெண்டே கட்டி போட்டா அது சீக்கிரம் உருகி எல்லாத்தையும் தண்ணி ஆக்கிடும். 50 மில்லி ஜின். ஜூனிப்பர் வாசனை தூக்கலா இருக்கிற 'லண்டன் ட்ரை' வகை போதும், விலை ஜாஸ்தியானது வேண்டாம். 120ல இருந்து 150 மில்லி டானிக் வாட்டர், ஃப்ரிட்ஜ்ல நல்லாக் குளிர்ந்தது. சூடா இருந்தா கேஸ் போயிடும். சின்ன பாட்டிலா வாங்குங்க, நேத்து திறந்து வெச்ச பெரிய பாட்டில் ஆகாது. கிளாஸ் ஓரமா மெதுவா ஊத்தி, ஸ்பூனால அடியில இருந்து ஒரே ஒரு தடவை தூக்கி விடுங்க. எலுமிச்சைத் துண்டு ஒண்ணு பிழிஞ்சு உள்ளயே போட்டுடுங்க. வெள்ளரி, ரோஸ்மேரி எல்லாம் இன்ஸ்டாகிராமுக்கு.

ஒரு எச்சரிக்கை: சோடாவும் டானிக்கும் ஒண்ணு இல்ல. கடையில 'டானிக்'னு மட்டும் கேட்டா மெடிக்கல் ஷாப்புக்குக் கை காட்டுவாங்க, 'டானிக் வாட்டர்'னு கேளுங்க. உண்மையான டானிக்கான்னு பார்க்க யுவி லைட் அடிச்சுப் பாருங்க, குயினைன் நீலமா ஒளிரும்.

ஜின் வேண்டாம்னா, அதே ஐஸ், அதே டானிக், அரை எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, கசக்கின புதினா நாலு இலை. டானிக்லயே சர்க்கரை இருக்கு, தனியாப் போட வேண்டாம். குயினைன் ஒத்துக்காதவங்களும் கர்ப்பமா இருக்கிறவங்களும் இதையும் தவிர்த்துடுங்க. நடுவட்டம் போனீங்கன்னா அந்த ஜெயிலை எட்டிப் பார்த்துட்டு எனக்கு ஒரு ஃபோட்டோ அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.