கவ்வாத்துக்காரரின் நெஞ்சு

இலைநோயில் கோப்பி அழிந்தபின் ஊவா மலைகளில் தேயிலை ஏறியது. 1890இல் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னையை வாங்கினார். துரைமார் வரலாறு நிறையவே எழுதப்பட்டுவிட்டது. செடியை வெட்டியவர்களின் உடம்பையும் எழுத வேண்டும்.

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்பா கவ்வாத்து வெட்டினார். மழைநீர் தங்காதபடி, கிளைக்குச் சாய்வாக ஒரே வெட்டு. காறையெலும்பிலும் நடுமார்பெலும்பிலும் விலாக் குருத்தெலும்புகளிலும் விசிறியாய்த் தொடங்கி, மேற்கையெலும்பில் ஒடுங்கிப் பிடிக்கும் பெருமார்புத் தசைதான் கத்திபிடித்த கையை உடம்பை நோக்கி இழுக்கிறது. அடியிலுள்ள சிறுதசை தோள்பட்டையை முன்னுக்கு இழுத்துக் கொடுக்கும். அப்பாவுக்கு வலப்பக்க நெஞ்சு புடைத்திருக்கும். சட்டையும் வலது கக்கத்தில்தான் முதலில் கிழியும்.

அம்மா கொழுந்தெடுத்தார். நாள் முழுக்க இரு கையும் முன்னால். கூடைக் கயிறு தலையில். அவருடைய பாரத்தைக் கழுத்தும் பிடரியும்தான் சுமந்தன.