அலங்கார மீன் காட்சி விதிகள்: சென்னை முதல் திருவனந்தபுரம் வரை

அலங்கார மீன் காட்சிக்கான விதிகள் நான்கு கேள்விகளைச் சுற்றி உருவானவை. எந்த மீன் அழகானது? அதை எப்படி வைத்துக் காட்டுவது? அது எங்கிருந்து வந்தது? காட்சி முடிந்ததும் எங்கே போகிறது? முதல் இரண்டும் மீன் வளர்ப்போர் சங்கங்களுக்குள் எழுந்தவை. பின்னிரண்டும் ஆய்வாளர்களும் அரசும் எழுப்பியவை. இந்தப் பின்னிரண்டு கேள்விகளுக்கும் கேரளத்தில், குறிப்பாகத் திருவனந்தபுரத்தில், தெளிவான சான்றுகள் உண்டு.

மீனைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டும் வழக்கம் 1853இல் லண்டன் உயிரியல் பூங்காவில் தொடங்கியது. இந்தியாவில் சென்னை மெரினா கடற்கரையில் 1909இல் கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் உருவான அது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. திருவனந்தபுரத்தில் 1937இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் அமைந்தது. அடுத்த ஆண்டே அங்கு கடல் உயிரியல் துறை தொடங்கியது. இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல், மீன்வளத் துறையாக இயங்குவது அதுவே. நகரை ஒட்டிய விழிஞ்ஞத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், அதன் ‘சாகரிகா’ காட்சியகமும் உள்ளன. இவையெல்லாம் அறிவுக்காகவும் வேடிக்கைக்காகவும் காட்டியவை. இவற்றில் பரிசு இல்லை, ஆகவே மதிப்பெண் விதியும் தேவைப்படவில்லை.

போட்டிக் காட்சியின் விதிகள் கிழக்கே ஜப்பானில் செம்மை பெற்றன. நீகாட்டா மலைக்கிராமங்களில் வளர்த்த வண்ணக் கெண்டைகள் 1914இல் டோக்கியோ பொருட்காட்சியில் வைக்கப்பட்ட பிறகு ‘கொய்’ வளர்ப்பு நாடெங்கும் பரவியது. கொய் நடுவர் முதலில் உடல்வாகைப் பார்ப்பார், பிறகு நிறத்தின் செறிவை, அதன்பின் நிறத்திட்டுகளின் அமைப்பை. நீள அளவுப்படி பிரிவுகளும் உண்டு. சண்டை மீன் போட்டியில் ஒவ்வொரு ஆண் மீனுக்கும் தனிக் குடுவை; குடுவைகளுக்கு நடுவே அட்டை. நடுவர் வரும்போது அட்டையை எடுத்தால், பக்கத்து மீனைக் கண்டு அது செவுள்மூடியையும் துடுப்புகளையும் விரிக்கும். விரிந்த அந்த நிலையில்தான் மதிப்பெண்.

மீனை எப்படி வைப்பது என்பதில்தான் சங்கங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. ஜப்பானிய முறையில், ஒரே வகையும் அளவும் கொண்ட கொய்கள், உரிமையாளர் யாரானாலும், ஒரே தொட்டியில் விடப்படும். அருகருகே நீந்துவதால் நடுவருக்கு ஒப்பிடுவது எளிது. ஒருவரின் மீனில் நோய் இருந்தால் எல்லா மீன்களுக்கும் தொற்றுவதும் எளிது. ஆங்கில முறையில் ஒவ்வொருவருக்கும் தனித் தொட்டி. தண்ணீரும் வலையும்கூடக் கலக்கக் கூடாது. ஒப்பீடு கடினமானாலும் நோய் பரவாது. 1990களின் இறுதியில் கொய் ஹெர்பஸ் வைரஸ் கண்டறியப்பட்டு, தொற்றிய குளங்களில் மீன்கள் கூட்டமாக மடிந்தபோது, ஆங்கில முறைக்கு வலுவான ஆதாரம் கிடைத்தது. பழைய முறையை விரும்பியவர்களும் தனிமைப்படுத்தும் காலம், மருத்துவச் சோதனை போன்ற நிபந்தனைகளை ஏற்க வேண்டியதாயிற்று.

இயற்கையான அழகு எது, செய்த அழகு எது என்பது அடுத்த சர்ச்சை. இந்திய நீர்நிலைகளில் வாழும் கண்ணாடி மீனின் உடல் ஒளி ஊடுருவுவது. அதனுள் ஊசியால் சாயம் ஏற்றிப் பச்சை, ஊதா, இளஞ்சிவப்புக் கோடுகளோடு விற்கும் வழக்கம் உலகச் சந்தையில் பரவியது. சாயம் சில மாதங்களில் மங்கும். ஊசி பட்ட இடத்தில் நோய் பற்றும். கண்டனம் வலுத்தபின் பல சங்கங்கள் சாயமேற்றிய மீனைக் காட்சியிலிருந்து விலக்கின. தைவானின் கிளி மீன், மலேசியாவில் உருவான பிளவர்ஹார்ன் போன்ற கலப்பினங்களில் கருத்து ஒன்றுபடவில்லை. சிலர் அவற்றுக்குத் தனிப் பிரிவு தந்தனர். சிலர் முற்றாக மறுத்தனர்.

மூன்றாவது கேள்வியை உலக அளவில் எழுப்பியது ஒரு கேரள மீன். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் கூட்டமாக நீந்தும் ‘மிஸ் கேரளா’வுக்கு உடலில் செங்கோடும் கருங்கோடும் உண்டு. பிரான்சிஸ் டே 1865இல் அதை விவரித்து, சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். நூற்றாண்டுக்கு மேல் அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1997இல் சிங்கப்பூரின் ‘அக்வாராமா’ காட்சியில் புதிய இனங்களுக்கான பிரிவில் அது மூன்றாம் பரிசு பெற்றதும் ஏற்றுமதி பெருகியது. பெரும்பாலும் ஆற்றிலிருந்து பிடித்த மீன்களே வெளிநாடு போயின. கேரள அரசு 2008இல் பிடிக்கும் காலத்துக்கும் அளவுக்கும் கட்டுப்பாடு விதித்தது. ஆனால் ஜூன், ஜூலை, அக்டோபர் எனத் தடைக்காலம் அமைந்திருக்க, அந்த மீனின் இனப்பெருக்கமோ அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை நீள்வதாக ஆய்வுகள் காட்டின. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து, அழிவாபத்துள்ள 30 நன்னீர் இனங்களைச் சேர்ந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் ஏற்றுமதியானதாக 2013இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பண்ணையில் பிறந்த மீனா, ஆற்றில் பிடித்த மீனா என்ற கேள்வி இப்படித்தான் எழுந்தது.

இந்தக் கேள்விகள் அனைத்தையும் ஒரே சட்டத்தில் தீர்க்க இந்திய அரசு முயன்றது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி மனிதர் அல்லாத எல்லா உயிரும் விலங்கே. மீனும் அதில் அடங்கும். அச்சட்டத்தின் கீழ் 2017 மே 23 அன்று மீன் காட்சியகங்களுக்கும் மீன் தொட்டிக் கடைகளுக்கும் விதிகள் வெளியாயின. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைக்கக் கூடாது. சாயமேற்றிய மீனைக் காட்டக் கூடாது. கடையும் காட்சியகமும் பதிவு பெற வேண்டும் என்பவை அவற்றுள் சில. 158 இனங்களைக் காட்டுவதற்கும் விற்பதற்கும் தடை வந்தது. கோமாளி மீனும் வண்ணத்துப்பூச்சி மீனும் அந்தப் பட்டியலில் இருந்தன.

எதிர்ப்பு இந்தப் பட்டியலின் மேல்தான் குவிந்தது. பவளப்பாறையில் சயனைடு கலந்து மீன் பிடிப்பதைத் தடுப்பதே நோக்கம் என்றால், பண்ணையில் பிறந்த மீனுக்கு ஏன் தடை என்று வளர்ப்போர் கேட்டனர். கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்கும் முறையை உருவாக்கிய அரசு ஆய்வு மையங்களில் விழிஞ்ஞமும் ஒன்று. ஒரு துறை வளர்க்கக் கற்றுத்தந்த மீனை இன்னொரு துறை காட்டக் கூடாது என்றது. சென்னை கொளத்தூரிலும் கேரளத்திலும் சிறு பண்ணைகளை நம்பிய குடும்பங்களின் பிழைப்பு கேள்விக்குள்ளானது. இறுதியில் விதிகள் திரும்பப் பெறப்பட்டன. கிண்ணத்துக்கும் சாயத்துக்கும் எதிரான நியாயமான பகுதிகளும் அவற்றோடு போயின.

நான்காவது கேள்விக்கான சான்று திருவனந்தபுரத்தின் நடுவிலேயே ஓடுகிறது. நகரின் ஆமையிழஞ்சான் தோடு என்னும் வாய்க்காலில், தென்னமெரிக்காவைச் சேர்ந்த உறிஞ்சுவாய்க் கெளுத்தி பெருகியிருப்பதைக் கேரளப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் பதிவு செய்தனர். தொட்டிப் பாசியைத் தின்னும் என்று கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ எனச் சிறு குஞ்சாக விற்கப்படுவது அது. வளர்ந்து தொட்டிக்கு அடங்காமல் போனதும் வாய்க்காலில் விடப்படுகிறது. கவசம் போன்ற உடலும் அழுக்குநீரைத் தாங்கும் திறனும் அதற்கு உண்டு. உள்ளூர் மீன்கள் பலவற்றுக்கு அவை இல்லை.

காட்சி அரங்கில் பரிசுக்கும் விற்பனைக்கும் வரும் மீன்கள் இத்தனை பாதைகளில் பயணிப்பதால் ஒற்றைத் தடைப்பட்டியல் போதாது. அழகின் அளவுகோலைச் சங்கங்களே வகுத்துக்கொள்ளலாம். தொட்டியின் அளவு, நீரின் தரம், நோய்த்தடுப்பு ஆகியவற்றுக்குக் கால்நடை மருத்துவரின் சொல் வேண்டும். மீன் பண்ணையில் பிறந்ததற்குச் சான்று, வேண்டாத மீனைத் திரும்பப் பெறும் ஏற்பாடு ஆகிய இரண்டையும் அரசு கட்டாயமாக்க வேண்டும். இவற்றை வளர்ப்போரும் ஆய்வாளரும் ஒன்றாக அமர்ந்து எழுதினால்தான் விதி நிலைக்கும் என்பதே 2017 தந்த பாடம்.